ஆயில் டப்பாவின் பின்பக்கம்

இன்ஜின் ஆயில் டப்பாவில் முன்பக்கம் பூராவும் விளம்பரம்தான். 'ஃபுல் சிந்தெடிக்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. கச்சா எண்ணெயை நன்றாகச் சுத்திகரித்து எடுத்த குரூப் 3 ஆயிலையும் அப்படிச் சொல்லிக்கலாம் என்று, காஸ்ட்ரால்-மொபில் விளம்பரத் தகராறில் அமெரிக்காவில் 1999லேயே முடிவாகிவிட்டது.

நமக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கு: 0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி. டபிள்யூ என்றால் விண்டர்; முன் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு. பின் எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதற்கு.

"நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் சார் தாங்கும்" என்றார் மெக்கானிக். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தும் தலையாட்டினேன். ஓடுகிற இன்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது, சித்திரை வெயில் இல்லை. எனக்கு மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம்.