பதினைந்து முகங்கள்

ரான்கின் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் லண்டன் போட்டோக்காரர் ஒருவர் 2019-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஒரு வரிசைப் படங்களை வெளியிட்டார். 'செல்ஃபி ஹார்ம்' என்று அதற்குப் பெயர். தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் காதில் விழும்படி வைத்த பெயர் அது. படத்தைக் காட்டுமுன்பே தீர்ப்பைப் படித்துவிடுகிற பெயர்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் படங்கள் பெயரைவிட எவ்வளவோ மேல். அவற்றைப் பற்றி நிதானமாக ஒரு தடவை எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரியம் இவ்வளவுதான். பதின்பருவத்துப் பிள்ளைகள் 15 பேர். பெண்கள் அதிகம், பையன்கள் சிலர். ரான்கின் அவர்களைத் தம்முடைய காமிராவில் படம் எடுத்தார். எடுத்த படத்தை அவரவரிடமே கொடுத்து, செல்போன் வைத்திருக்கும் யாருக்கும் கிடைக்கிற சாதாரணச் செயலியைக் கொண்டு, சமூக வலைத்தளத்தில் போடலாம் என்று தோன்றும் வரையில் திருத்திக்கொள்ளச் சொன்னார். முதல் படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விளக்கவுரை, உபதேசம் எதுவும் படத்துக்குள் இல்லை.

ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போனால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. பெரிய மாறுதல் ஒன்றும் இல்லையே என்று தோன்றுகிறது. கண் கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது. மூக்கு ஒரு நூல் மெலிந்திருக்கிறது. உதடு சற்றுப் பூரித்திருக்கிறது. தோலில் இருந்த புள்ளிகளும் மேடுபள்ளங்களும் இஸ்திரி போட்ட துணிமாதிரி படிந்துவிட்டன. சில ஜோடிகளில் எது முன்னது, எது பின்னது என்று இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் திருத்திய படங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ஊர் வேறு, இனம் வேறு, தலைமயிர் வேறான அந்தப் பிள்ளைகளெல்லாம் சித்தி பெரியம்மா மக்கள்போல ஆகிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கலந்துகொண்டு செய்ததல்ல. தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாக யோசித்து, எல்லோரும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்த வரிசையின் வெற்றி அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு படத்தில் இல்லாத பயம் பதினைந்து படத்தில் இருக்கிறது.

போட்டோவைத் திருத்துவது புதிய பாவம் அல்ல. 1855-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ம்யூனிக் நகரத்து ஹான்ஃப்ஷ்டாங்கல் என்பவர் திருத்திய நெகடிவ்வையும், திருத்துமுன்னும் பின்னும் எடுத்த பிரதிகளையும் வைத்துக் காட்டினார் என்று போட்டோக் கலையின் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் 'டச்சிங்' என்று ஒரு வேலை இருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி சாய்மேஜையில் நெகடிவ்வை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக ஒற்றுவார்கள். கருப்பு வெள்ளை நெகடிவ்வில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முகத்தின் கரும்புள்ளி அங்கே வெளிறித் தெரியும். அதில் பென்சில் பட்டால் பிரதியில் புள்ளி மறைந்துவிடும். வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தா பாட்டி படங்களில் பல, இந்தப் பென்சில் பட்டவையாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நாளில் ஒற்றியவர் வேறு, ஒற்றப்பட்டவர் வேறு. பாட்டி படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கழித்துக் கவரில் வந்த படத்தை வாங்கிப் பார்த்து, 'நன்னாத்தான் விழுந்திருக்கு' என்றாள். எதை அழித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தன் முகத்தில் அழிக்கத்தக்கது எது எது என்று ஜாபிதா போடும்படி அவளை யாரும் கேட்கவில்லை. லண்டன் பிள்ளைகளிடம் கேட்டார்கள். அவர்கள் தயங்காமல் போட்டார்கள். யோசிக்கவே வேண்டியிராத அளவுக்கு அந்த ஜாபிதா மனப்பாடமாகியிருக்கிறது.

இனி என் குறையைச் சொல்கிறேன். முதல் படத்தை உள்ளது உள்ளபடி எடுத்த படம் என்று நம்மை நம்ப வைக்கிறார் ரான்கின். அப்படியா? அவர் ராணி எலிஸபெத்தைப் படம் எடுத்தவர். நாகரிகப் பத்திரிகை நடத்தியவர். விளக்கை எங்கே வைத்தால் கன்னம் எப்படி விழும் என்று தெரிந்த கை. அவர் விளக்கும் ஒரு திருத்தம்தான். இன்னொன்று: விரலை அவர் பிள்ளைகளின் பக்கமும் செல்போனின் பக்கமும் நீட்டுகிறார். அந்த ஒரே வீட்டு முகத்தைப் பல வருஷங்களாகப் பத்திரிகை அட்டைகளில் அச்சடித்துக் கொடுத்தது அவருடைய தொழில் அல்லவா? பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றின் அட்டையில் தன் கால்களை மெலிய வைத்துவிட்டார்கள் என்று கேட் வின்ஸ்லெட் வெளிப்படையாக ஆட்சேபித்தது 2003-இல். இன்ஸ்டாகிராம் பிறந்தது 2010-இல். பிள்ளைகள் பாடம் கேட்டது எந்தப் பள்ளிக்கூடத்தில் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ரான்கின் இதை அறியாதவர் அல்லர். டவ் சோப்புக்காக 2004-இல் ஆரம்பித்த 'நிஜ அழகு' இயக்கத்துக்கு, மாடல்கள் அல்லாத சாதாரணப் பெண்களைப் படம் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். நல்ல படங்கள். ஆனால் டவ் யூனிலீவரின் சரக்கு. அதே குடும்பத்து இந்தியக் கம்பெனி 1975-இலிருந்து 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்றுக்கொண்டிருந்தது. லண்டன் தெருவில் 'உன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்' என்ற பாவனையில் சுவர் விளம்பரம்; மதுரைப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிவப்பழகு பாக்கெட்டு. 2020-இல் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. செயலிகளில் தோலை வெளுக்கவைக்கும் வித்தைக்கும் இம்மாதிரிக் கௌரவமான பெயர்கள் உண்டு.

கம்பெனிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் வர்க்கத்தின் சங்கதியையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் வாரப் பத்திரிகை ஒன்றில் என் தொடர்கதை வந்தது. கதாநாயகி மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல். அந்தப் பல்லை நான் சும்மா வைக்கவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் கதாநாயகன் அதைப் பற்றிப் பேசுகிறான்; கதையே அங்கேதான் திரும்புகிறது. பத்திரிகை வந்ததும் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துச் சித்திரத்தில் அம்மாள் பால் நிறத்தில், முத்து வரிசைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பத்திரிகைக்குப் போன் செய்தேன். "கதாநாயகின்னா பார்க்கக் கொஞ்சம் லட்சணமா இருக்க வேண்டாமா, சார்?" என்றார்கள். சித்திரக்காரர் கெட்டிக்காரர், அதே கதையில் வரும் மாமியாருக்கும் பூக்காரிக்கும் அருமையான முகங்கள் போட்டிருந்தார். கதாநாயகிக்குத்தான் முகம் போடவில்லை, அழகு போட்டுவிட்டார்.

அந்தப் பதினைந்து பேரின் திருத்திய படங்களில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுவே. பொய் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. பொய் சொல்லிப் பிழைக்கிற கதைக்காரன் அதைச் சொல்லக்கூடாது. சுவாரஸ்யமில்லாத பொய் என்பதுதான் குறை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாராலும் கதை எழுத முடியாது.

இதற்குச் சட்டம் வந்திருக்கிறது. மாடல்களின் உடம்பு வடிவத்தைத் திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்திய படம்' என்று அச்சிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017 அக்டோபரிலிருந்து சொல்கிறது. நார்வே 2022 ஜூலையிலிருந்து. நல்லதுதான். காசு வாங்கிக்கொண்டு போடும் படத்தைச் சட்டம் பிடிக்கும். காசு வாங்காமல், தோழிகள் பார்க்கப் போடும் பதினாலு வயசுப் பெண்ணை எப்படிப் பிடிக்கும்?

அவளுக்குத்தான் எல்லோரும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: உன்னை நீ ஏற்றுக்கொள். இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரான்கின் தெரிவித்த ஒரு விவரம் நினைவுக்கு வருகிறது. திருத்தி முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர், திருத்தாத படமே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்களாம். பத்திரிகைகள் இதை ஓர் ஆறுதல்போலக் கடைசி வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. எனக்கோ முழு விஷயமும் அங்கேதான் கிடக்கிறது. தங்கள் முகத்தை அவர்கள் வெறுக்கவில்லை. பிடித்த முகம் ஒன்று, வெளியே கொண்டுபோகத்தக்க முகம் ஒன்று என்று இரண்டையும் தெளிவாக வேறு பிரித்து வைத்திருக்கிறார்கள். 'உனக்குப் பிடித்தமாதிரி திருத்து' என்றா அவர்களைக் கேட்டார்கள்? 'போடத்தக்கதாகத் திருத்து' என்று கேட்டார்கள்; சரியான விடையை எழுதிக் கொடுத்தார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் படத்துக்கு வெளியே, பார்க்கிற பக்கத்தில் நிற்கும்போது உபதேசம் மட்டும் அந்தப் பெண்ணுக்குப் போகிறது.

ரான்கின் இன்னும் ஒரு வரிசை எடுத்திருக்கலாம். ஒருத்தியின் படத்தை அவளிடம் கொடுக்காமல் அவள் சிநேகிதியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லியிருக்கலாம். எதைத் திருத்துவது என்று தெரியாமல் அந்தச் சிநேகிதி வெகு நேரம் விழித்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊராக இருந்து, பெண்ணுக்கும் கல்யாண வயசாகி, படத்தை அம்மாவிடம் கொடுத்திருந்தால் கதை வேறு. "மூக்கு கண்ணெல்லாம் இருக்கட்டும், கலரை மட்டும் ஒரு சுற்றுக் கூட்டிக் கொடுப்பா" என்றிருப்பாள். அவளைத் தரகர் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்; தரகரைப் பிள்ளை வீட்டார்.