மடக்கு ஸ்கேலா, டேப்பா?

மடக்கு ஸ்கேல்தான் சரியான அளவு காட்டும், டேப் அவசர வேலைக்கு என்று வயதான ஆசாரிகள் சொல்வதுண்டு. மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளுக்குக் கதவும் ஊஞ்சலும் அலமாரியும் செய்த கைகளின் சொல் என்பதால் அதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனால் சோதிக்காமல் ஏற்கவும் கூடாது. சோதித்தால் அதில் பாதிதான் நிற்கிறது.

மடக்கு ஸ்கேல் என்ற பெயரில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று வெள்ளைக்காரர் காலத்தில் வந்த இரண்டடி ஸ்கேல். பர்மிங்ஹாமில் ரபோன் போன்ற கம்பெனிகள் பாக்ஸ்வுட் மரத்தில் பித்தளை மூட்டு வைத்துச் செய்தவை. நான்காக மடித்தால் அரையடி நீளம், சட்டைப் பையில் நிற்கும். மற்றது ஐரோப்பியத் தச்சர்களின் இரண்டு மீட்டர் ஸ்கேல். 20 செ.மீ. பட்டைகள் பத்து, நடுவே ஒன்பது மூட்டுகள். ஜெர்மனியின் ஊல்ரிக் சகோதரர்கள் 1880களில் மூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த பிறகுதான் அது விரித்தால் விரித்தபடி நின்றது. டேப்பின் கதை அந்த ஸ்பிரிங் மூட்டைவிடப் பழையது. ஷெஃபீல்டில் ஜேம்ஸ் செஸ்டர்மன் 1829இல் சுருள்வில் டேப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஆல்வின் ஃபெலோஸ் 1868இல் இழுத்த இடத்தில் நிற்கும் பூட்டைச் சேர்த்தார். ஆனால் மரவேலைக்கு டேப்பைக் கொண்டுவந்தது 1920களில் ஹைரம் ஃபாரண்ட் செய்த மாற்றம்தான்: தகட்டைக் குறுக்கே லேசாகக் குழித்தார். அந்தக் குழிவு இருப்பதால்தான் டேப் பிடிமானம் இல்லாமலே காற்றில் நீண்டு நிற்கிறது.

முதலில் துல்லியம். நல்ல டேப்பின் தொடக்கத்தில், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், சிறு வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று அச்சாகியிருக்கும். அது ஐரோப்பிய விதிப்படியான துல்லிய வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்றால் இரண்டு மீட்டரில் 0.7 மில்லிமீட்டர் வரை பிசகலாம். மூன்றாம் வகுப்புக்கு 1.4 மில்லிமீட்டர் வரை அனுமதி. மர மடக்கு ஸ்கேல்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகுப்பு. தரமான எஃகு டேப்கள் இரண்டாம் வகுப்பு. ஆக, துல்லியத்துக்குப் பேர் வாங்கிய கருவிக்கு விதி தரும் சலுகை இரண்டு மடங்கு! அதுவும் புதிதாக இருக்கும்போது. மூட்டு தேய்ந்து ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் ஆட்டம் கண்டால், ஒன்பது மூட்டில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

அப்படியானால் பெரியவர்களின் அனுபவம் பொய்யா? பொய்யில்லை. அவர்கள் கையில் இருந்தது மூன்றே மூட்டுள்ள இரண்டடி ஸ்கேல். இழைத்த சட்டத்தின் மேல் அதை விளிம்பில் நிறுத்திவைத்தால் கோடு நேராக மரத்தைத் தொடும், பென்சில் முனை கோட்டிலேயே இறங்கும். டேப்பின் விளிம்போ குழிவினால் மரத்திலிருந்து தூக்கி நிற்கும். கண் கொஞ்சம் சாய்ந்தால் குறி நகரும். இரண்டடிக்குள் அவர்கள் சொன்னது சரி. அந்த நியாயத்தை ஆறடிக்கும் எட்டடிக்கும் நீட்டியதுதான் தவறு.

டேப்பின் உண்மையான பலவீனம் அதன் கொக்கி. அது ஆடும், ஆடத்தான் வேண்டும். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டினாலும் அளவு ஒன்றாக வரும். டேப் ஒருமுறை தரையில் விழுந்து கொக்கி வளைந்தால் அந்தக் கணக்கு கெடும், கெட்டது வெளியே தெரியாது. அதனால்தான் விவரமான ஆசாரி கொக்கியை நம்பாமல், ஓர் இஞ்ச் விட்டுப் பிடித்து, கடைசியில் அந்த இஞ்சைக் கழிக்கிறார். கழிக்க மறந்தால் அளவு ஓர் இஞ்ச் கூடிவிடும். அதனால் 10 செ.மீ. விட்டுப் பிடிப்பது எனக்கு உசிதமாகப் படுகிறது. மறந்தாலும் அவ்வளவு பெரிய பிசகு உடனே கண்ணில் படும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை வேலைதான் சொல்கிறது. தி.நகரிலோ அடையாறிலோ ஒரு ஃபிளாட்டில் டிராயர் செய்கிறார்கள் என்று வையுங்கள். டெலஸ்கோப்பிக் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். திறப்பின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தப்பினால் டிராயர் இறுகும், இல்லாவிட்டால் ஆடும். தேக்குக் கதவுக்கு இந்த நெருக்கடி கிடையாது. ஐப்பசி மழையில் மரம் உப்பும் என்று தெரிந்தே ஒரு நூல் இடைவெளி விடுகிறோம். ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்ச், மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெயிலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். டேப்பின் கோடுகள் 20 டிகிரி செல்சியஸ் கணக்கில் போடப்பட்டவை. 38 டிகிரி மே மாதத்தில் இரண்டு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நீளும். இது வகுப்பின் அனுமதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வேலை முழுவதும் ஒரே டேப்பைப் பிடித்தால் கவலையே இல்லை. கடற்காற்றின் உப்பு அப்படியல்ல. ஈரத்தோடு சுருட்டிய டேப் கோடு அழிந்து துருப்பிடிக்கும். இந்த இடத்தில் மர ஸ்கேல் தாக்குப்பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் வரும் இன்னொரு சிக்கல் அடியும் மில்லிமீட்டரும் ஒரே மேஜையில் கலப்பது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்தது. இன்றும் பிளைவுட்டை எட்டுக்கு நாலு என்றுதான் கேட்கிறோம், கனத்தை மட்டும் 19 மி.மீ. என்கிறோம். ஷீட்டின் நீளம் 2440 மி.மீ. என்று அச்சிடப்படுகிறது, எட்டடி என்பதோ 2438.4. இடையிலுள்ள 1.6 மில்லிமீட்டர் அரை நூல். அடியில் அளந்து மில்லிமீட்டரில் வெட்டச் சொன்னால் இந்த அரை நூல் எங்காவது இடிக்கும். இங்கே கிடைக்கும் டேப்பில் இரண்டு அளவும் எதிரெதிர் விளிம்பில் இருப்பது பெரிய வசதி. பழைய பாக்ஸ்வுட் ஸ்கேலில் இஞ்ச் மட்டும்தான்.

மடக்கு ஸ்கேல் ஜெயிக்க வேண்டிய இடம் உள் அளவு. சுண்ணாம்புச் சுவருக்குள் மாட்டிய பழைய நிலை மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம் காட்டும். டேப் மூலையில் மடங்கும். அதன் உடலை ஒட்டவைத்து, பெட்டியின் நீளத்தைக் கூட்டிப் படிக்க வேண்டும். விறைப்பான ஸ்கேல் குறுக்கே நேராக நிற்கும். ஆனால் கடைசிப் பட்டை உள்ளே முழுதாக அடங்காவிட்டால் மிச்சத்தை அதுவும் யூகிக்க வைக்கிறது. இந்த வேலைக்கு இரண்டையும் விட மேலானது நம் மரபிலேயே இருக்கிறது. சிற்ப நூல்களின் கணக்கில் எட்டு யவை ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். ஸ்தபதி அந்த முழத்தை ஒரு கோலில் குறித்துக்கொண்டு, எண்ணை நம்பாமல் கோலையே வேலைக்கு எடுத்துப் போகிறார். அதேபோல் இரண்டு மெல்லிய சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நிலையின் இரு பக்கமும் முட்டும்வரை நகர்த்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கதவில் வைத்துக் குறிக்கலாம். எண்ணைப் படிப்பதில் வரும் தவறுக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு டேப்புக்கு. இரண்டாம் வகுப்பு, 5 மீட்டர், 19 அல்லது 25 மி.மீ. அகலம். அதோடு ஓர் அடி ஸ்டீல் ஸ்கேலும் அவசியம். இரண்டடிக்குள் மடக்கு ஸ்கேல் செய்து வந்த வேலையில் பெரும்பகுதியை மூட்டே இல்லாத இது இன்னும் நன்றாகச் செய்யும். தாத்தாவின் பாக்ஸ்வுட் ஸ்கேல் வீட்டில் இருந்து, மூட்டும் இறுக்கமாக இருந்தால் பட்டறையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதிதாகத் தேடி அலைந்து வாங்கத் தேவையில்லை.

டேப் வாங்கப் போகும்போது அந்த ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துப் போங்கள். ஸ்கேலின் முனையில் கொக்கியை மாட்டி இழுத்து, 30 செ.மீ. கோடுகள் நேருக்கு நேர் சேர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் கடைச் சுவரில் முட்டவைத்து அதே கோட்டைப் பாருங்கள். ஒன்றில் சேர்ந்து மற்றதில் விலகினால் கொக்கி சரியில்லை, வேறு டேப் கேளுங்கள்.