வெந்தயம் மணக்கும் ஒயின்

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா சாடி ஓடுகள் சிலவற்றில், இரண்டு குழாய்களை ஒட்டவைத்தது போன்ற கைப்பிடி இருக்கிறது. கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணிச் சாடிகளின் அடையாளம் அது. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடத்தை 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மீண்டும் தோண்டியபோதும் இந்தச் சாடிகளின் சில்லுகள் வந்தன. அந்தச் சாடிகளில் வந்தது ஒயின். கோஸ் பாணி ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானியரான காட்டோ அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் தர, பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். புதுச்சேரியின் ஒயின் கதையைப் பிரெஞ்சுக்காரர்களிலிருந்து தொடங்குவது பாதிக் கதைதான்.

கதை இருக்கட்டும், சுவைக்கு வருவோம். முதிர்ந்த ஒயினைச் சுவைப்பவர் முதலில் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும். வெள்ளை ஒயின் கறுக்கும். இளம் சிவப்பின் ஊதா நிறம் மங்கி, கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். நாக்கை இறுக்கிப் பிடித்த துவர்ப்பு, நிறப்பொருளோடு சேர்ந்து வண்டலாக அடியில் தங்கிவிடும். அதனால்தான் பழைய போத்தலை ஒருநாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் வேறு குடுவைக்கு மாற்றுகிறார்கள். பழவாசம் அடங்கி, தோலும் புகையிலையும் ஈர இலையும் மணக்கும்.

வெள்ளையில் வியப்பூட்டுவது பிரான்சின் ஜூரா மலைப்பகுதியின் வான் ஜோன். பீப்பாய் குறையக் குறைய நிரப்பாமல், மேலே படரும் ஈஸ்ட் ஆடையின் கீழ் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கிடக்கும். அதற்கென்றே 62 சென்டிலிட்டர் போத்தல். முகர்ந்தால் வால்நட், கூடவே வெந்தயம். கற்பனையல்ல. வெந்தயத்துக்கு மணம் தரும் சோடோலோன் என்ற சேர்மமே இதிலும், முதிர்ந்த ஷெர்ரியிலும், மதீராவிலும் உருவாகிறது. வெங்காயமும் பூண்டும் கடுகும் வெந்தயமும் இடித்து உருட்டிக் காயவைத்த வடகத்தைத் தாளித்த வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் வடுவான் என்கிறார்கள்.

பிராந்தி சேர்த்து வலுவூட்டிய ஒயின்களில் மதீராவின் கதை இந்தியாவோடு பின்னியது. இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் மதீரா தீவில் ஒயின் பீப்பாய்களை ஏற்றின. வெப்பமண்டலக் கடலின் சூட்டில் மாதக்கணக்கில் குலுங்கித் திரும்பிய சரக்கு, அனுப்பியதைவிட ருசியாக இருந்தது. அதற்குத் தனி விலையே கிடைத்தது. பிற்பாடு கப்பலை விட்டுவிட்டு, வெயில் ஏறும் பரண்களில் பீப்பாயை வைத்து அதே சூட்டை உண்டாக்கினார்கள். இன்றும் நல்ல மதீரா அப்படித்தான் முதிர்கிறது. போர்தோவின் லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல் 19ஆம் நூற்றாண்டில் தன் சிவப்பு ஒயினையும் இந்தியாவுக்கு அனுப்பினார். விற்காமல் திரும்பிய போத்தல்களை அந்தப் பயணத்தின் பெயரைச் சொல்லியே விற்றார். செந்தெஸ்தேப்பில் உள்ள அவருடைய ஒயின் மாளிகையின் மேல் கீழைநாட்டுக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

ஆனாலும் சூடு பெரும்பாலான ஒயின்களுக்குப் பகை. முதிர வைக்க 12, 13 டிகிரி வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்ற விதி, 16 முதல் 18 டிகிரி இருந்த ஐரோப்பிய வீடுகளுக்கானது. புதுச்சேரியின் மே மாத அறைக்குப் பொருந்தாது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தே திறக்க வேண்டும். பழைய சிவப்பு திறந்த அன்றே தீர்ந்தாக வேண்டும். மதீராவோ ஏற்கனவே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்டதால் திறந்தபின் மாதக்கணக்கில் தாங்கும். அதன் செர்சியல் வகை இனிப்புக் குறைந்தது, புளிப்புத் தூக்கலானது. வடகம் தாளித்த மீன்குழம்புக்கு எதிரே நிற்கக்கூடியது. இந்த ஊரில் ஒரே ஒரு முதிர்ந்த ஒயினுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்பவர், அதை மதீராவுக்கே செய்யலாம்.