சொல்லுதலும் பேசுதலும்: அகராதிப் பொருள் விளக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

மனிதனின் பேச்சுச் செயலைக் குறிக்கத் தமிழில் வினைச்சொற்கள் பல உள்ளன. சொல், பேசு, கூறு, உரை, மொழி, இயம்பு, செப்பு, பகர், விளம்பு, நவில், புகல், அறை எனப் பட்டியல் நீளும். இவை யாவும் ஒருபொருட் சொற்கள் என்னும் கருத்து பள்ளிப் பாடநூல் முதல் பேரகராதி வரை வேரூன்றியுள்ளது. அக்கருத்தின் தோற்றத்தையும், இக்காலத் தமிழுக்கு அது பொருந்தாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நிகண்டு மரபும் இலக்கண மரபும்

திவாகரமும் அதனைப் பின்பற்றிய நிகண்டுகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துச் செய்யுளில் தந்தன. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைத் தேடும் புலவனுக்கு அத்தொகுப்பு பெருந்துணை. அவன் வேண்டியது மாற்றுச்சொல்லே. சொற்களுக்கிடையிலான வேறுபாடு அன்று. எனவே வேறுபாட்டை விளக்காமை நிகண்டின் குறை ஆகாது. அதன் நோக்கமே வேறு.

இலக்கண மரபு இதனின்று வேறுபட்ட வழியில் சென்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஈ, தா, கொடு ஆகிய மூன்றனையும் இரத்தற் பொருளில் வரும் சொற்களாக ஒன்றுசேர்த்தது. எனினும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் எனக் கேட்பவன் நிலைக்கேற்ப அவற்றைப் பிரித்தது. பொருள் ஒன்றாயினும் பேசுவோர்க்கிடையிலான உறவு வேறு என்பதே அதன் கருத்து. அந்நூலில் செப்பு என்பது பொதுவான சொல்லுதலைக் குறிக்காது, வினாவுக்கு இணையாக நிற்கும் விடையைக் குறிக்கும் கலைச்சொல்லாக வருவதும் நோக்கத்தக்கது. பின்வந்த அகராதிகள் இவ்விலக்கண மரபை விடுத்து நிகண்டு மரபையே தம் வழியாகக் கொண்டன.

1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒப்பற்ற தொகுப்புப் பணி. ஆயினும் இயம்பு, செப்பு, பகர், விளம்பு போன்ற பதிவுகளில் ‘சொல்லுதல்’ என்பதே திரும்பத் திரும்பப் பொருளாக வருகிறது. தமிழை அறிந்தவர்க்கு இவ்விளக்கம் போதும், கற்பவர்க்குப் போதாது.

2. தொடரமைப்புச் சான்றுகள்

அன்றாட வழக்கில் மிகுதியாக உள்ள சொல், பேசு ஆகிய இரண்டை மட்டும் ஒப்பிட்டாலே வேறுபாடு புலனாகும். (உடுக்குறி ஏற்கத்தகாத தொடரைக் காட்டும்.)

(1) அவர் நாளை வருவதாகச் சொன்னார்.
(2) *அவர் நாளை வருவதாகப் பேசினார்.
(3) தம்பியை வரச் சொன்னார்.
(4) *தம்பியை வரப் பேசினார்.
(5) அவருக்குத் தெலுங்கு பேசத் தெரியும்.
(6) *அவருக்குத் தெலுங்கு சொல்லத் தெரியும்.

சொல் என்னும் வினை செய்தியையும் ஏவலையும் ஏற்கிறது. மொழியின் பெயரை ஏற்பதில்லை. பேசு என்பதோ மொழியின் பெயரை ஏற்கிறது, ஏவலை ஏற்பதில்லை. ‘என்று பேசினார்’ எனச் செய்தித்தாள்கள் எழுதுவது இதற்கு முரண் போலத் தோன்றலாம். ஆனால் அவ்வழக்கு பெரும்பாலும் மேடைப்பேச்சைக் குறிக்கும் இடத்திலேயே வருகிறது. கடைக்காரர் பொருள் இல்லை என்று கூறியதைத் தெரிவிக்க ஒருவரும் ‘இல்லை என்று பேசினார்’ என எழுதார்.

பெயரோடு சேர்ந்து வரும் தொடர்கள் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். விலை சொல்லுதல் விற்பவர் ஒருவரின் செயல். விலை பேசுதலுக்கு இருவர் வேண்டும். கதை சொல்லுதல் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைப்பது; கதை பேசுதல் பொழுதுபோக்காக உரையாடுவது. ‘பொய் சொன்னான்’ என்பது ஒரு குறிப்பிட்ட பொய்யைச் சுட்டும்; ‘பொய் பேசுபவன்’ என்பது அவன் இயல்பைச் சுட்டும். ஆகவே சொல் என்பது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்லும் செய்தியை முதன்மைப்படுத்துகிறது. பேசு என்பது பேச்சாகிய செயலையும் அதில் பங்குகொள்வோரையும் முதன்மைப்படுத்துகிறது.

இப்பாகுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் செப்பு, மாட்லாடு. கன்னடத்தில் ஹேளு, மாதாடு. மலையாளத்தில் பறயுக, சம்சாரிக்குக என இணை வினைகள் வழங்குகின்றன. தமிழில் செய்யுள் வழக்காகச் சுருங்கிய செப்பு, தெலுங்கில் அன்றாடச் சொல்லாக உள்ளது. சொற்கள் மாறினும் பாகுபாடு நிலைக்கிறது.

3. வட்டார வழக்கு

ஒரே சொல் இடத்திற்கேற்பப் பொருள் மாறுவதையும் அகராதி கருத வேண்டும். இலங்கைத் தமிழில் உரையாடுதலைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள வினை கதை என்பதாகும். அங்கே ‘அம்மா பேசுவா’ என்று ஒரு சிறுவன் சொன்னால் அம்மா கடிந்துகொள்வார் என்பது பொருள். தமிழகத்து வாசகர் இதனைத் தம் வழக்கின்படி படித்தால் சிறுவனின் அச்சம் அவருக்குப் புலப்படாது. ‘பேசு: சொல்லுதல்’ என்னும் பதிவு இவ்விடத்தில் உதவுவதில்லை.

4. மதிப்பீடும் பரிந்துரையும்

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்து ஒரு முக்கியமான திருப்பத்தை ஏற்படுத்தியது. எடுத்துக்காட்டு, சரியான வழக்கைக் காட்டும். எது வழக்கன்று என்பதைத் தானாகக் காட்டாது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் ‘எனக்குத் தமிழ் சொல்லத் தெரியும்’ என எழுதுவாராயின், அப்பிழை அவருடையது மட்டும் அன்று. இரு சொற்களையும் ஒன்றெனக் காட்டும் அகராதிக்கும் அதில் பங்குண்டு.

ஆங்கிலத்தின் பேச்சுச்செயல் வினைகளுக்கெனத் தனி அகராதி ஒன்றை ஆன்னா வியர்ஸ்பிக்கா 1987இல் வெளியிட்டார். தமிழ்ப் பேச்சு வினைகளை அவ்வாறு விளக்க முற்படுவோர் ஒவ்வொரு வினைக்கும் மூன்று செய்திகளைப் பதிய வேண்டும். அவ்வினை ஏற்கும் தொடரமைப்பு ஒன்று. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவு மற்றொன்று. வழங்கும் இடமும் நடையும் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதைத் தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்பவற்றுக்கு முன்பே செய்து காட்டியுள்ளது. நிகண்டு புலவனுக்குத் தந்த பட்டியல் இன்றும் பயன்படும். ஆனால் உரைநடை எழுதுவோர்க்கும் மொழி கற்போர்க்கும் உரிய அகராதியின் பணி அப்பட்டியல் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது.