அம்மையாரின் நூலும் பெத்தும்மாவின் கதையும்

மரியா மான்டிசோரி அம்மையாரின் பெயரை நம் ஊர்ப் பாலர் பள்ளிப் பலகைகளில் அடிக்கடி காண்கிறோம். அவருடைய நூல்களை நம் இல்லங்களில் காண்பதரிது. இத்தனைக்கும் அவருடைய 'தி அப்சார்பென்ட் மைண்ட்' நம் நாட்டிலே பிறந்த நூல். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையாரின் அழைப்பையேற்று வந்தவர், உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் கட்டுப்பாட்டுக்குள்ளாகி, 1946 வரை இங்கேயே தங்க நேர்ந்தது. கட்டுப்பாடு நீங்கியபின் அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே இந்நூலாக உருப்பெற்று, 1949இல் சென்னையிலிருந்து வெளிவந்தன.

'அப்சார்பென்ட்' என்பதை 'உறிஞ்சும்' என்று பெயர்ப்போர் உளர். எனக்கு அது உவப்பாக இல்லை. பஞ்சு நீரை உறிஞ்சினாலும் பஞ்சு பஞ்சாகவும் நீர் நீராகவுமே இருக்கும், பிழிந்தால் பிரிந்துவிடும். அம்மையார் கூறுவது வேறு. பெரியவர்களாகிய நாம் கற்றதை நினைவில் சேமித்து வைக்கிறோம். குழந்தையோ கேட்டதையும் கண்டதையும் தன் உள்ளமாகவே ஆக்கிக்கொள்கிறது. அரபியில் 'ஹள்ம்' என்றால் செரிமானம். அச்சொல்லே இக்கருத்துக்கு அணுக்கமானது. தாய்மொழியை எவரும் பாடம் நடத்திக் கற்பிப்பதில்லை. ஆயினும், பள்ளி வாசற்படியை மிதிக்குமுன்பே வேற்றுமையுருபும் வினைமுற்றும் பிள்ளையின் நாவில் வந்தமர்ந்துவிடுகின்றன. நன்னூலைக் கற்பிக்கப் பாடுபடுவோர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

அம்மையாரின் முறை வெறும் ஏட்டுக் கொள்கையன்று. 1907இல் ரோம் நகரின் ஸான் லொரென்ஸோ பகுதியில், உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில் கண்டறிந்தவற்றின்மீது எழுந்தது. ஒரு கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்கேற்பப் பத்து மர உருளைகள். சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சி நிற்கும். பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை, உருளையே சுட்டிவிடுகிறது. பிள்ளை அனைத்தையும் எடுத்துவிட்டு மீண்டும் முயல்கிறது. அதட்டலுக்கும் பிரம்புக்கும் அங்கே வேலையில்லை. (ஆசிரிய நண்பர் சிலர் முகம் சுளிப்பர்; சுளிக்கட்டும்.) இவ்வுணர்வு நமக்குப் புதிதன்று. ஓதிவிட்டு வந்த சிறுவனை விளையாட விட வேண்டும், ஓயாத படிப்பு அவன் உள்ளத்தை மடியச் செய்துவிடும் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரித்து ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

ஓரிடத்தில் மட்டும் அம்மையாரோடு நான் உடன்படவில்லை. 1916இல் வெளியிட்ட நூலில் அவர் தேவதைக் கதைகளைக் கடுமையாகச் சாடினார். பெரியவர்களின் கற்பனையைப் பிள்ளைமீது சுமத்துவதாகவே அவற்றைக் கருதினார். அகமதாபாத் சொற்பொழிவுகளில் இக்கடுமை தளர்கிறது. கற்பனையின் ஆற்றலை ஒப்புகிறார். ஆனால் கதைக்கு உரிய இடத்தை அப்போதும் தரவில்லை. சுற்றுப்புறத்திலிருந்தே பிள்ளை மொழியைப் பெறுகிறது என்பது அவர்தம் கொள்கையெனில், அச்சுற்றுப்புறத்தில் மொழி மிகச் செழிப்பாகப் பொழியும் இடம் எது? மஃரிபுக்குப் பின் திண்ணையில் பெத்தும்மா சொல்லும் கதையும், தொட்டிலருகே உம்மா பாடும் தாலாட்டுமல்லவா? 'முன்னொரு காலத்திலே' என்று தொடங்கிக் 'கேட்டானாம், சொன்னாளாம்' என நீளும் வாக்கியங்களை மர உருளை கற்பிக்காது. அவருடைய கொள்கையே அவருடைய ஐயத்துக்கு விடையாகிறது.

இனி, அவர் பெயரால் பலகை மாட்டியிருப்போர் சிலரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் தாயிடம், "வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்லது கெட்டது எனப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அவ்வயதுக்கு இல்லை, கேட்பது அப்படியே உள்ளே போய்விடும் என்பது இந்நூல் பக்கம் பக்கமாக விளக்கும் செய்தி. அத்தாய்க்குத் தெரிந்த ஆங்கிலமோ அரைகுறை. பிள்ளையும் அந்த அரைகுறையையே தன்னுடையதாக்கிக்கொள்கிறது. கதை சொல்ல வந்த பெத்தும்மாவோ, பிள்ளையின் பேச்சு கெட்டுவிடும் என்று கேள்விப்பட்டு வாய்மூடி அமர்ந்திருக்கிறார்.