இஞ்சீலும் நற்செய்தி நூல்களும்: இசுலாமியப் பார்வை பற்றிய ஒரு விமர்சனம்

இஞ்சீல் என்பது இயேசுவுக்கு (ஈசா நபி) இறைவனால் அருளப்பட்டதாகக் குர்ஆன் குறிப்பிடும் வேதத்தின் பெயராகும். தவ்ராத், ஸபூர், இஞ்சீல் ஆகிய முந்தைய வேதங்களை நம்புவது இசுலாமிய நம்பிக்கையின் அடிப்படைகளில் ஒன்று. அதே வேளையில், இன்று கிறித்தவர்களிடம் உள்ள நான்கு நற்செய்தி நூல்களும் அந்த இஞ்சீலும் ஒன்றல்ல என்பதே பெரும்பாலான முசுலிம் அறிஞர்களின் நிலைப்பாடாகும். நம்ப வேண்டிய வேதம் ஒன்று, கையில் இருக்கும் நூல் வேறொன்று என்னும் இந்த இடைவெளியே இரு சமயத்தாருக்கும் இடையிலான நெடுங்கால விவாதத்தின் மையமாக உள்ளது.

குர்ஆனில் இஞ்சீல்

இஞ்சீல் என்னும் சொல் குர்ஆனில் 12 இடங்களில் வருகிறது. நற்செய்தி எனப் பொருள்படும் 'எவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் மூலம். குர்ஆன் எப்போதும் ஒருமையில் 'இஞ்சீல்' என்றே கூறுகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்களோ பவுலின் பெயரோ அதில் இல்லை.

குர்ஆனின் கூற்றுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, முந்தைய வேதங்களை உறுதிப்படுத்துவது. இஞ்சீலில் நேர்வழியும் ஒளியும் இருப்பதாக 5:46 கூறுகிறது. இஞ்சீலுக்கு உரியவர்கள் அதில் அருளப்பட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது 5:47. ஐயம் இருந்தால் முன்பே வேதத்தை ஓதி வருபவர்களிடம் கேட்கும்படி 10:94 சொல்கிறது. இரண்டாம் வகை, வேதக்காரர்கள் சிலரைக் குற்றம் சாட்டுவது. தம் கைகளால் எழுதி அதை இறைவனுடையது என்போரை 2:79 கண்டிக்கிறது. சொற்களை அவற்றின் இடத்திலிருந்து புரட்டுவோரைப் பற்றி 4:46, 5:13 ஆகிய வசனங்கள் பேசுகின்றன. இவ்வசனங்களின் சூழலில் பெரிதும் பேசப்படுபவர்கள் யூதர்களே என்பது கவனிக்கத்தக்கது.

தஹ்ரீஃப் கோட்பாடு

வேதத்தைத் திரித்தல் என்பதற்கு அரபியில் 'தஹ்ரீஃப்' என்று பெயர். இதைப் பற்றி முசுலிம் அறிஞர்களிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. எழுத்து அப்படியே இருக்க, அதன் பொருளை மட்டும் திரித்தார்கள் என்பது ஒரு கருத்து. எழுத்தையே மாற்றினார்கள் என்பது மற்றொன்று. கல்லெறி தண்டனை பற்றிய தவ்ராத் வசனத்தை ஒருவர் கையால் மறைத்தார் என்றும், கையை எடுத்தபோது வசனம் அங்கேயே இருந்தது என்றும் புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. மறைத்தல் நடந்தது, அழித்தல் நடக்கவில்லை என்ற முதல் கருத்துக்கு இது வலுவூட்டுகிறது. நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இசுஹாக், யோவான் நற்செய்தியின் ஒரு பகுதியையே நபியைப் பற்றிய முன்னறிவிப்புக்குச் சான்றாக எடுத்தாண்டார். அந்த எழுத்தில் அவருக்கு ஓரளவு நம்பிக்கை இருந்ததை இது காட்டுகிறது.

எழுத்தே மாறியது என்ற கருத்தை விரிவாக வாதிட்டவர்களில் முதன்மையானவர் கோர்தோபாவைச் சேர்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064). நற்செய்தி நூல்களுக்கு இடையிலான முரண்பாடுகளை அவர் வரிசையாக எடுத்துக்காட்டினார். இதற்கு மாறாக, 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அல்-பிகாயீ, தம் குர்ஆன் விரிவுரையில் விவிலியத்தை நேரடியாகப் பயன்படுத்தினார். அதற்காகச் சக அறிஞர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஆகவே 'விவிலியம் மாற்றப்பட்டது' என்பதே இசுலாமின் ஒரே குரல் எனக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆக்ரா விவாதம்

இந்தியாவில் இச்சிக்கல் 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பொதுமேடைக்கு வந்தது. செருமானிய மறைப்பணியாளர் கார்ல் பிஃபாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் இரண்டு நாள் விவாதித்தனர். கைரானவிக்குத் துணையாக இருந்த மருத்துவர் வசீர் கான், ஐரோப்பியர்களே எழுதிய விவிலியத் திறனாய்வு நூல்களைச் சான்றாகக் கொண்டுவந்தார். விவிலியப் படிகளில் பாட வேறுபாடுகள் உள்ளன என்பதைப் பிஃபாண்டர் ஒப்புக்கொண்டார்; ஆயினும் அவை அடிப்படைக் கோட்பாடுகளைப் பாதிக்கவில்லை என்றார். முசுலிம் தரப்பு அதையே தோல்வியின் ஒப்புதலாகக் கருதியது. மூவொருமை, நபித்துவம் ஆகிய தலைப்புகள் எடுக்கப்படாமலே விவாதம் நின்றது. கைரானவி பின்னர் 'இழ்ஹாருல் ஹக்' என்ற நூலை எழுதினார். சில ஆண்டுகள் கழித்து சர் சையது அகமது கான் வேறு வழியில் சென்றார். விவிலியத்துக்கே விரிவுரை எழுதத் தொடங்கிய அவர், திரிபு பெரிதும் பொருளில்தான் நிகழ்ந்தது என்று வாதிட்டார்.

மதிப்பீடு

எழுத்துத் திரிபுக் கருத்து எதிர்கொள்ளும் முதல் சிக்கல் காலம் சார்ந்தது. சினாய்ச் சுவடி போன்ற கி.பி. 4ஆம் நூற்றாண்டுப் படிகள் குர்ஆனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்டவை. அவற்றில் உள்ள நற்செய்திகள் பாட வேறுபாடுகள் நீங்கலாக இன்றைய நூல்களோடு ஒத்துள்ளன. ஆகவே நபியின் காலத்துக் கிறித்தவர்களிடம் இருந்தது பெரிதும் இதே நூல்தான். திரிபு அதற்கு முன்பே நிகழ்ந்தது என்றால், அந்நூலைக் கொண்டு தீர்ப்பளிக்கச் சொல்லும் 5:47 வசனத்துக்கு விளக்கம் தேவைப்படுகிறது. 5:48 குர்ஆனை முந்தைய வேதங்களின் காவலன் என்பதால், குர்ஆனோடு ஒத்துப்போவதே உண்மையான பகுதி என்பது வழக்கமான விடை. நம்பிக்கை என்ற அளவில் இது சீரான விடையே. ஆனால் இந்த அளவுகோலை ஏற்றபின், விவிலியத்தைக் குர்ஆனுக்குத் தனிச்சான்றாகக் காட்ட இயலாது.

பாட வேறுபாடுகளைக் கொண்டு வேண்டுமென்றே செய்த திரிபை நிறுவுவதும் கடினம். படியெடுப்போரின் பிழையும் சமயத் தலைவர்களின் சூழ்ச்சியும் ஒன்றல்ல. பர்னபா நற்செய்தியைச் சான்றாக்குவது இன்னும் வலுவற்றது. அதன் இத்தாலியச் சுவடி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கணிக்கப்படுகிறது. உள்நாட்டு ஊரான நாசரேத்துக்கு இயேசு கப்பலில் சென்றதாக அது கூறுகிறது. இயேசு தாம் மெசியா அல்லர் என மறுப்பதாகவும் அதில் உள்ளது. குர்ஆனோ அவரை 'அல்-மஸீஹ்' என்றே அழைக்கிறது.

கிறித்தவத் தரப்பின் வாதமும் குறையற்றதன்று. 5:47, 10:94 ஆகிய வசனங்களை மட்டும் எடுத்து, குர்ஆன் முழு விவிலியத்துக்கும் சான்றளிக்கிறது என்போர் உண்டு. ஆனால் இயேசுவின் இறைத்தன்மையை மறுக்கும் வசனங்கள் அதே ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளன. சிலுவை மரணத்தை 4:157 மறுக்கிறது. தனக்கு ஏற்றதை மட்டும் பொறுக்கும் முறையை எதிர்ப்பவர்கள் தாமும் அதையே செய்வது முறையாகாது.

உண்மையான வேறுபாடு சுவடிகளில் இல்லை, வேதம் என்ற கருத்தில்தான் உள்ளது. இஞ்சீல் என்பது இயேசுவுக்கு இறக்கப்பட்ட நூல் என்கிறது இசுலாம். நற்செய்தி என்பது இயேசுவைப் பற்றி அடியார்கள் எழுதிய சாட்சியம் என்கிறது கிறித்தவம்; அதன் நம்பிக்கையில் இறைவனின் வார்த்தை இயேசுவே. இயேசு ஒரு நூலைத் தந்து அது திரிக்கப்பட்டது என்ற கேள்வியே கிறித்தவருக்கு அந்நியமானது. இயேசுவின் வரலாற்றைப் பிறர் எழுதியதே வேதம் என்பது முசுலிமுக்கு அந்நியமானது. இந்த வேறுபாட்டை முதலில் ஏற்றுக்கொண்டால், ஒருவர் மற்றவரைப் 'பொய்யாக்கியவர்' என்றோ 'மறைத்தவர்' என்றோ சொல்லாமலே இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்க முடியும். ஆக்ராவில் பேசப்படாமல் போனது இதுவே.