கடலோரத்தை இழந்த மொழி: லிவோனிய ஆய்வுகள்

லிவோனிய மொழியைப் பற்றிய ஆய்வு நூல்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். 20ஆம் நூற்றாண்டில் அந்த மொழி வாழ்ந்ததோ லாட்வியாவின் வடமேற்கில், கோல்கா முனையை ஒட்டிய பன்னிரண்டு மீனவக் கிராமங்களில் மட்டும். ஃபின்னிஷ், எஸ்தோனிய மொழிகளுக்கு நெருங்கிய உறவான இதைச் சுற்றிலும் ஒலிப்பது வேறு குடும்பத்தைச் சேர்ந்த லாட்விய மொழி.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் டவுகவா ஆற்றங்கரைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரிகளும் சிலுவைப் போர் வீரர்களும் முதலில் எதிர்கொண்டது லிவோனிய மக்களைத்தான். அவர்கள் பெயரே ஒரு பெரும் நிலப்பரப்புக்கு லிவோனியா என்று நிலைத்தது. அக்காலத்துக்கு நமக்குள்ள முதன்மைச் சான்று ஹென்றி என்ற பாதிரி எழுதிய வரலாறு. அது வென்றவர் பக்கத்துக் குரல். மதம் மாறி, ரோமில் போப்பைச் சந்தித்து, 1217இல் எஸ்தோனியரோடு நடந்த போரில் சிலுவைப் படையோடு நின்று மடிந்த காவுபோ என்ற லிவோனியத் தலைவனின் மனதை அதில் தேடுவது வீண்.

லிவோனிய மொழி ஆய்வைத் தொடங்கியவர் சியோகிரென் என்ற மொழியியலாளர். அவர் 1846லும் 1852லும் கடலோர ஊர்களுக்குப் போய்த் திரட்டியதை மொழியியலாளர் விடெமன் செப்பனிட்டு, 1861இல் இலக்கணமும் அகராதியுமாக வெளியிட்டார். 1863இல் மத்தேயு நற்செய்தி லண்டனில் அச்சானது. 1920 முதல் எஸ்தோனியரான ஓஸ்கர் லோரிட்ஸ் கதைகளையும் நம்பிக்கைகளையும் திரட்டினார். வசந்தகால விடியலில் பாட்டுப் பாடிப் பறவைகளை எழுப்பும் வழக்கம் லிவோனியருடையது. மொழியியலாளர் கெட்டுனனின் பேரகராதி 1938இல் வந்தது.

லிவோனியர் தாங்களே எழுந்து நின்றது 1923இல். அந்த ஆண்டு மசிர்பே என்ற கடலோரக் கிராமத்தில் லிவோனியர் சங்கம் அமைத்தார்கள், பச்சை, வெள்ளை, நீலக் கொடி ஏற்றினார்கள். 1931 முதல் 1939 வரை 'லிவ்லி' என்ற இதழ் நடத்தினார்கள். 1939 ஆகஸ்டில் சமூக இல்லம் திறந்தார்கள். சில வாரங்களில் போர் மூண்டது.

ஆய்வுலகத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2013இல் கனடாவில் 103 வயதில் காலமான கிரிசெல்டா கிறிஸ்டினாவை, லிவோனியத்தைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று குறிக்கும் கட்டுரைகள், அந்த நிலை எப்படி வந்தது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. மொழி மூப்படைந்து சாகவில்லை. முதல் உலகப் போரில் கடலோர மக்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள்; பலர் திரும்பவில்லை. சோவியத் ஆட்சியில் கடற்கரை எல்லைக் காவல் மண்டலமாயிற்று. சொந்தப் படகில் மீன்பிடிக்கும் பிழைப்பு ஒடுங்க, இளையோர் ரீகாவுக்கும் வெண்ட்ஸ்பில்ஸுக்கும் போனார்கள். மசிர்பேயில் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, பைன் மரங்களுக்கு நடுவே, பாசி படர்ந்த மரப்படகுகள் விலா எலும்பு தெரிய மட்கிக் கிடக்கின்றன. மொழி வரலாற்றுக்கு அவையும் சான்றுதான். எந்த அகராதியின் முன்னுரையிலும் அவற்றுக்கு இடம் வேண்டும்.

இன்றைய ஆய்வின் நடுவில் நிற்பவர் வால்ட்ஸ் எர்ன்ஷ்ட்ரெய்ட்ஸ். மொழியியலாளர் விட்சோவோடு சேர்ந்து 2012இல் லிவோனிய–எஸ்தோனிய–லாட்விய அகராதியைக் கொண்டுவந்த இவர் அம்மொழியில் கவிதையும் எழுதுகிறார். ஆய்வாளர் மொழிக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இங்கே உடைந்தது நல்லதே. 2018இல் லாட்வியப் பல்கலைக்கழகத்தில் அமைந்த லிவோனிய நிறுவனம் அவர் தலைமையில் சொற்களையும் இடப்பெயர்களையும் இணையத்தில் தேடத்தக்க தரவாக்கி, புதிதாகக் கற்பவர்களின் கையில் கொடுத்துவருகிறது.